உப்பளத்தின் மேல் ஒரு கட்டம்

சாகுபுரத்தை உள்ளடக்கி, நீளமும் அகலமும் 9 கிலோமீட்டர் உடைய ஒரு சதுரத்தை நிலப்படத்தின்மேல் வரைந்தால், அதன் கிழக்கு ஓரத்தில் மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற கடலும், கடலையொட்டி ஆறுமுகனேரி, காயல்பட்டினம் பகுதிகளின் உப்பளங்களும், நடுவே 1950களின் இறுதியிலிருந்து இயங்கிவரும் காஸ்டிக் சோடா ஆலையும் அதன் குடியிருப்பும், வடக்கே ஆத்தூரை நோக்கித் தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் நெல்லும் வாழையும் வெற்றிலைக் கொடிக்கால்களும், மேற்கே குதிரைமொழித் தேரியை நோக்கிச் செல்லும் வறண்ட செம்மண்ணும் அகப்படும். வட்டாரக் காலநிலை மாதிரி என்னும் கணினி நிரல் இந்தச் சதுரத்தை ஒரே கட்டமாகக் கொண்டு, ஒவ்வொரு நேரப்படிக்கும் ஒரே வெப்பநிலையையும் ஒரே ஈரப்பதத்தையும் ஒரே காற்றுத் திசையையும் அதற்குக் கணித்துத் தருகிறது. பனிமூட்டத்தையும் காற்று மாசையும் இத்தகைய மாதிரிகளில் உருவகிக்கும் தொழிலில் ஈடுபட்டவர்களின் உழைப்பில் பெரும்பகுதி, அந்த ஒரே எண்ணுக்கும் அந்தச் சதுரத்துக்குள் உண்மையில் நிகழ்வதற்கும் இடையிலுள்ள தொலைவைப் புரிந்துகொள்வதிலேயே செலவாகிறது.

உலகம் முழுவதற்குமான மாதிரிகள் அகன்ற கட்டங்களில் இயங்குபவை. ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்னறிவிப்பு மையத்தின் இ.ஆர்.ஏ.5 என்னும் மறுபகுப்பாய்வுத் தரவுகூட 31 கிலோமீட்டர் இடைவெளியிலேயே காற்றைக் காண்கிறது. ஒரு வட்டாரத்தை மட்டும் தனியே எடுத்து, அதன் நான்கு பக்க எல்லைகளிலும் உலக மாதிரியின் காற்றையும் ஈரத்தையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டி, உள்ளே நெருக்கமான கட்டங்களில் கணக்கிடலாம் என்பதை 1980களின் இறுதியில் அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தில் ராபர்ட் டிக்கின்சனும் ஃபிலிப்போ ஜார்ஜியும் செய்து காட்டினர். அவ்வாறு பிறந்த ரெக்சிஎம் என்னும் மாதிரி, பின்னர் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் அப்துஸ் சலாம் 1964இல் நிறுவிய பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தில் வளர்ந்து, வளரும் நாடுகளின் ஆய்வாளர்கள் பலருக்கு முதல் மாதிரியாக அமைந்தது. பெரிய கணினி இல்லாத பல்கலைக்கழகத்தில் இருந்தபடியே தன் ஊரின் மழையையும் தூசியையும் ஒருவர் கணக்கிட்டுப் பார்க்க அது வழி செய்தது. இத்துறையில் இதைவிடப் பெரிய கொடை வேறு இருப்பதாகத் தோன்றவில்லை. காற்றோட்டத்தோடு வேதிவினைகளையும் ஒருங்கே கணக்கிடும் வர்ஃப்-கெம் மாதிரி 2005 அளவில் ஆய்வுலகுக்கு வந்தபின், மாசும் வானிலையும் ஒன்றையொன்று மாற்றுவதை ஒரே ரன்னில் காண முடிந்தது.

ரன் என்பது மாதிரியை ஒருமுறை தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓட்டுவதற்குத் தொழிலில் வழங்கும் பெயர். அதன் முதல் கட்டுப்பாடு நேரப்படி: வர்ஃப் வகை மாதிரிகளில், கட்டத்தின் அகலம் எத்தனை கிலோமீட்டரோ அதைப்போல் ஆறு மடங்கு நொடிகளுக்கு மேல் ஒரு படி நீளலாகாது என்பது நடைமுறை விதி. 9 கிலோமீட்டருக்கு 54 நொடி, 1 கிலோமீட்டருக்கு 6 நொடி. கட்டத்தை ஒவ்வொரு முறை பாதியாக்கும்போதும் கணக்கின் சுமை ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. தென்தமிழகத்தை உள்ளடக்கும் ரன்களில் கணக்கு பெரும்பாலும் கட்டுமீறுவது கடற்கரையில் அன்று. மேற்கே பொதிகை மலையின் செங்குத்தான சரிவில் காற்று திடீரென மேலெழும் கட்டங்களில் எண்கள் பெருகி, ரன் வெடித்து நின்றுவிடும். சாகுபுரத்தின் விடியற்காலைப் பனியை ஆராயப் புறப்பட்டவர், அகத்தியமலையின் சரிவைச் சற்று மழுக்கிக் கொடுப்பதில் பல இரவுகளைக் கழிக்க நேர்வது இத்தொழிலின் இயல்பு.

பார்வைத்தொலைவு 1,000 மீட்டருக்குக் கீழ் குறையும் அளவுக்கு நுண்ணிய நீர்த்துளிகள் தரையை ஒட்டித் தங்குவதையே வானிலையாளர் பனிமூட்டம் என்கின்றனர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில், தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து குளிர்கிறது. தரையைத் தொட்ட காற்றும் குளிர, அதற்கு மேலுள்ள காற்று வெப்பமாகவே இருக்கிறது. உயரே செல்லச் செல்ல வெப்பம் குறையும் வழக்கத்துக்கு மாறான இந்த நிலை வெப்பத் தலைகீழ் எனப்படும். அது ஒரு மூடியைப் போல அமைந்து ஈரத்தையும் புகையையும் கீழேயே நிறுத்திவைக்கிறது. இவை அனைத்தும் தரையிலிருந்து சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் உயரத்துக்குள் நிகழ்பவை. ரெக்சிஎம் மாதிரியை நீண்டகாலக் காலநிலைக்காக ஓட்டியவர்கள் வளிமண்டலம் முழுவதையும் 18 அல்லது 23 அடுக்குகளாகப் பிரிப்பதே வழக்கமாக இருந்தது. அத்தகைய அமைப்பில் மிகக் கீழ் அடுக்கே பல பத்து மீட்டர் தடிமன் கொள்ளும் என்பதால், முழங்கால் உயரத்தில் தொடங்கும் பனி அதில் பிறக்கவே இடமில்லை. அம்மாதிரியில் பல ஆண்டுகள் பயன்பட்ட ஹோல்ட்ஸ்லாக் முறை, அசைவற்ற குளிர் இரவுகளிலும் காற்றை மேலும் கீழும் மிகையாகக் கலக்கிவிடுகிறது என்பதை 2012இல் அதன் நான்காம் பதிப்பை விளக்கிய ஆசிரியர்களே குறிப்பிட்டு, திருத்தமும் செய்தனர். மழைக்கணக்கில் பெரிதாகத் தெரியாத அந்த மிகை, பனிமூட்டக் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது: மேலிருக்கும் உலர்ந்த வெப்பக்காற்று கீழே கலந்ததும் கணினிக்குள் பனி இல்லை, மாசும் இல்லை.

அடுக்குகளை நெருக்கி, கலப்பு முறையை மாற்றி, 3 கிலோமீட்டருக்கும் 1 கிலோமீட்டருக்கும் கட்டத்தைக் குறுக்கிய பின்னும் சாகுபுரம் மாதிரியாளருக்கு எளிதில் வசப்படுவதில்லை. அதற்குக் காரணம் உப்பளம். மாதிரிகள் பயன்படுத்தும் நிலவகைப் படங்கள் செயற்கைக்கோள் காட்சிகளிலிருந்து தானாகப் பகுக்கப்பட்டவை. ரெக்சிஎம் நெடுங்காலம் நம்பியிருந்த உலக நிலப்படம் 1992, 1993ஆம் ஆண்டுகளின் காட்சிகளால் ஆனது. உப்பளம் என்றொரு வகையே அப்படங்களில் இல்லை. ஆகவே பாத்தியில் உவர்நீர் நிற்கும் காலத்தில் எடுத்த காட்சி அதை நீர்நிலை என்றும், உப்பு படிந்து வெண்மையான காலத்தில் எடுத்த காட்சி அதை வெற்றுநிலம் என்றும் வகுத்துவிடுகிறது. நீர்நிலை என்றால் மாதிரி அதிலிருந்து நன்னீரைப்போல் ஆவியை எழுப்பும். வெற்றுநிலம் என்றால் ஆவியே எழுப்பாமல் பகலில் கொதிக்கவும் இரவில் விரைந்து குளிரவும் விடும். இரண்டும் உப்பளத்துக்குப் பொருந்தாதவை.

உப்பு முழுமையாகக் கரைந்து நிறைந்த உவர்நீரின் மேலுள்ள காற்று, ஏறத்தாழ 75 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்தில் அந்நீரோடு சமநிலை கொள்கிறது. ஒப்பு ஈரப்பதம் என்பது, அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு அதில் உள்ளது என்ற அளவு. காற்றின் ஈரம் 75க்குக் கீழிருக்கும் வெயில் பொழுதில் பாத்தியிலிருந்து நீர் ஆவியாகி உப்பு விளையும். 75ஐத் தாண்டும் இரவில் ஆவியாதல் நிற்பதோடு, நிறைந்த உவர்நீர் காற்றிலிருந்து நீரை வாங்கவும் தொடங்கும். ஈரக்காற்று வீசும் இரவுகளில் அம்பாரமாய்க் குவித்த உப்பு கசிந்து நீர்விடுவதை அளத்தொழிலாளர் அனைவரும் அறிவர். அதற்காகவே குவியலை மூடிவைக்கின்றனர். மாதிரியில் இந்த உப்பளத்தை நன்னீர்க் குளமாக எழுதிவைத்தால், ஈரத்தை வாங்கவேண்டிய இரவில் அது ஈரத்தை வழங்கிக்கொண்டிருக்கும். விளைவாக இல்லாத பனி கணினியில் மூளும். நிலவகைப் பட்டியலில் உப்பளத்துக்கென ஒரு வரிசை சேர்த்து, அதன் ஆவியாதலை உவர்நீரின் செறிவுக்கேற்பக் குறைத்து, ஜனவரி முதல் செப்டம்பர் வரை நீளும் உப்புப் பருவத்தையும் அதன்பின் மழைநீர் தேங்கி அளங்கள் நன்னீர்த் தன்மை பெறும் மாதங்களையும் வேறுபடுத்திக் கொடுப்பது பெரிய வேலை அன்று. ஆனால் அதைச் செய்யவேண்டும் என்று தோன்றுவதற்கு, பாத்தியின் வரப்பில் ஒருமுறை நின்றிருக்க வேண்டும்.

அதே 75 என்ற எண் மாசின் கதையிலும் வருகிறது. தூய காற்றில் நீராவி எளிதில் துளியாவதில்லை. மிக நுண்ணிய துளியின் வளைந்த பரப்பிலிருந்து நீர் விரைந்து தப்பிவிடும். கரையக்கூடிய ஒரு துகள் உள்ளே இருந்தால்தான் துளி நிலைக்கும் என்பதையும், எந்த அளவுத் துகள் எந்த ஈரத்தில் துளியாக மலரும் என்பதையும் சுவீடனைச் சேர்ந்த ஹில்டிங் கோலர் 1936இல் வெளியிட்ட சமன்பாட்டால் விளக்கினார். கடலலை சிதறுவதால் காற்றில் மிதக்கும் உலர்ந்த உப்புத்துகள், ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தொட்டதும் நீரை ஈர்த்துக் கரைசல் துளியாகிறது. 80 விழுக்காட்டில் அதன் விட்டம் உலர்ந்த நிலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. வெளிச்சத்தைச் சிதறடிக்கும் அதன் பரப்பு அப்போது நான்கு மடங்காகிறது. எனவே முத்துக்குளித்துறைக் கரையில் பனிமூட்டம் இல்லாத விடியலிலும் தொலைவிலுள்ள பனைகள் மங்கித் தெரிவது வியப்பன்று. பனி எது, மாசு எது, வெறும் கடலுப்பு எது என்று பிரித்துச் சொல்வதே இங்கு மாதிரியின் முன்னுள்ள வினா.

மாதிரி பார்வைத்தொலைவை நேரடியாகக் கணக்கிடுவதில்லை. ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை கிராம் துளிநீர் உள்ளது என்பதை மட்டும் தரும். அதிலிருந்து ஒரு சூத்திரத்தால் தொலைவைப் பெறவேண்டும். நெடுங்காலம் பயன்பட்ட குங்கெல் சூத்திரத்தின்படி, கன மீட்டருக்கு 0.1 கிராம் நீர் இருந்தால் சுமார் 200 மீட்டர்வரை பார்க்கலாம். அச்சூத்திரம் நீரின் அளவை மட்டுமே கேட்கிறது, அந்நீர் எத்தனை துளிகளாகப் பிரிந்துள்ளது என்று கேட்பதில்லை. இஸ்மாயில் குல்தெப்பேயும் உடனாய்வாளர்களும் 2006இல் தந்த சூத்திரம் துளி எண்ணிக்கையையும் சேர்த்துக்கொண்டது: அதே 0.1 கிராம் நீர், கன சென்டிமீட்டருக்கு 100 துளிகளாக இருந்தால் பார்வை சுமார் 225 மீட்டர். 400 துளிகளாகப் பிரிந்தால் சுமார் 90 மீட்டர். நீர் கூடவில்லை, துகள்கள் மட்டுமே கூடின. சாலையில் வரும் லாரிக்கு முன்னால் சைக்கிளில் போகும் ஓர் அளத்தொழிலாளியின் உயிர் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. துகளின் எண்ணிக்கையை ஒரு மாறிலியாக வைத்துவிட்டு ஓட்டும் ரன், வேறு எதில் சரியாக இருந்தாலும், இவ்வூருக்குப் பயன்படாது.

இவ்வினாவை இந்தியாவில் முழு அளவில் எடுத்துக்கொண்ட இடம் தில்லி. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனமும் இந்திய வானிலை ஆய்வுத் துறையும் இணைந்து 2015-16 குளிர்காலத்தில் தில்லி விமான நிலையத்தில் தொடங்கிய குளிர்காலப் பனிமூட்ட ஆய்வில், தரையின் வெப்பம், துளியின் அளவு, துகளின் வேதிமை ஆகியவை ஒரே இடத்தில் அளக்கப்பட்டன. நடுத்தரக்கால வானிலை முன்னறிவிப்புக்கான தேசிய மையம் 330 மீட்டர் கட்டங்களில் தில்லிக்கென ஒரு மாதிரியை இயக்கியது. புனே நிறுவனம் 2018 அக்டோபர் முதல் வர்ஃப்-கெம் கொண்டு தில்லியின் காற்று மாசுக்கு முன்னெச்சரிக்கை தரத் தொடங்கியது. தமிழகத்துக்கு நெருங்கிய செய்தி ஒன்று, சென்னை ஐ.ஐ.டி.யின் சச்சின் குந்தே தலைமையில் 2021இல் வெளிவந்த ஆய்விலிருந்து கிடைத்தது. பிளாஸ்டிக் கலந்த குப்பை எரிப்பிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் எழும் ஹைட்ரஜன் குளோரைடு, காற்றிலுள்ள மிகுதியான அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் குளோரைடு துகளாகிறது. அது நீரை வெகுவாக ஈர்த்துப் பெருக்கிறது. தில்லியின் பார்வைக் குறைவில் ஏறத்தாழப் பாதிக்கு இதுவே காரணம் என்று அவ்வாய்வு கண்டது. கடற்கரையில் குளோரைடு இயற்கையாகவே உண்டு: கந்தகப் புகையிலிருந்தும் வாகனப் புகையிலிருந்தும் உருவாகும் அமிலங்கள் கடலுப்புத் துகளில் படிந்து, அதன் குளோரினை ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேற்றுகின்றன. அருகில் உரமிட்ட வயலின் அம்மோனியாவும் விடியலின் குளிரும் கூடினால், அந்தக் குளோரின் மீண்டும் துகளாகத் திரும்பும் வேதியியல் இங்கே பொருந்தக்கூடியதே. வயலும் அளமும் ஆலையும் ஒரே சதுரத்துக்குள் அமைந்த ஊரில் இதை அளந்து பார்ப்பது அவசரமான பணி.

சாகுபுரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் தூத்துக்குடி. 1979 முதல் 1991 வரை படிப்படியாக நிறுவப்பட்ட ஐந்து 210 மெகாவாட் அலகுகள் கொண்ட அனல்மின் நிலையம், 2015இல் உற்பத்தி தொடங்கிய இரு 500 மெகாவாட் அலகுகள், துறைமுகத்தின் நிலக்கரி இறக்கும் தளங்கள், லாரிகள் ஆகியவை அங்கே நெருங்கியுள்ளன. 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் முதல் பட்டியலில் இருந்த 102 நகரங்களில் தமிழகத்திலிருந்து இடம்பெற்றது தூத்துக்குடி மட்டுமே. 500 மெகாவாட் அலகுகளுக்கு இந்திய விதிகள் கேட்ட 275 மீட்டர் புகைபோக்கியின் புகை, இரவில் வெப்பத் தலைகீழுக்கு மேலே சென்று, கீழே இறங்காமல் கடலின்மேல் நீண்டு கிடக்கும். காலையில் வெயில் தரையைச் சூடாக்க, கலக்கும் அடுக்கு தடித்து அந்தப் புகையை எட்டும் நேரத்தில், அது சட்டென்று தரைக்கு இழுக்கப்படுகிறது. முற்பகலில் கடற்காற்று எழுந்ததும் கடல்மேல் கிடந்த பழைய புகை கரைக்குத் திரும்புகிறது. அக்காற்றின் அடியில் நிலத்தின் சூட்டால் உருவாகும் புதிய கலப்படுக்கு, கரையில் மெலிந்தும் உள்ளே செல்லச் செல்லத் தடித்தும் சரிவாக அமைவதால், புகை எங்கே தரை தொடும் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். இந்தச் சரிவை 9 கிலோமீட்டர் கட்டத்தால் காட்டவே முடியாது. கடலின் மேற்பரப்பு வெப்பநிலை ஒரு டிகிரி பிசகினாலும் கடற்காற்று எழும் நேரம் மாறிவிடும். வாடையும் கொண்டலும் கச்சானும் சோழகமும் எந்த நாழிகையில் திரும்பும் என்பதை வள்ளத்தின்மேல் இருந்து கற்ற புன்னைக்காயல் மீனவரிடம் மாதிரியின் காற்றுத்திசையை ஒப்பிட்டுக் கேட்பது, கருவியில்லாத கடற்பரப்பில் பயனுள்ள சோதனையாகும். இத்தகைய அறிவைத் தரவாக மதிக்க இத்துறை இன்னும் போதிய அளவு கற்கவில்லை.

உமிழ்வுப் பட்டியல் என்பது, எந்தக் கட்டத்திலிருந்து எந்த மாசு எவ்வளவு எழுகிறது என்று மாதிரிக்குச் சொல்லும் கணக்கேடு. உலகப் பட்டியல்கள் எரிபொருள் விற்பனை, மக்கள்தொகை, ஆலைகளின் இருப்பிடம் ஆகியவற்றைக் கொண்டு ஆண்டு மொத்தத்தை மதிப்பிட்டு, மாதங்களுக்கும் மணிகளுக்கும் பகிர்ந்தளிக்கின்றன. விளாத்திகுளம் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி மண்ணால் மூடி நாட்கணக்கில் புகைய விடும் கரிமூட்டங்கள் அவற்றில் பெரும்பாலும் இல்லை. தீயைக் காணும் செயற்கைக்கோளுக்கும் மண்மூடிய வெப்பம் எளிதில் தெரிவதில்லை. போகி விடியலும் அப்பட்டியல்களில் இல்லை. 2018 ஜனவரி 13 அன்று சென்னையில் போகிப் புகையும் பனியும் கலந்து விமான நிலையத்தை மூடியபோது பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. மாதச் சராசரி உமிழ்வோடு ஓட்டிய எந்த ரன்னிலும் அந்தக் காலை வந்திருக்க முடியாது, ஏனெனில் கலப்படுக்கு மிக மெலிந்திருக்கும் மணியில்தான் எரிப்பு நடக்கிறது. நாட்காட்டியையும் விறகுக்கரி வணிகத்தையும் அறிந்தவர் பட்டியலைக் கையால் திருத்தினால் மட்டுமே அது தீரும்.

எல்லைகளும் அவ்வளவே முக்கியமானவை. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை இந்தியப் பெருங்கடலில் நடந்த இண்டோயெக்ஸ் ஆய்வில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீரபத்திரன் இராமநாதனும் பால் குருட்சனும் பங்குகொண்ட குழு, துணைக்கண்டத்தின் புகை வடகிழக்குக் காற்றோடு மாலத்தீவைத் தாண்டிப் பரவுவதை அளந்து காட்டியது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக்கடலில் இருந்தபோது இலங்கையின் காற்று மிக மோசமடைந்து, டிசம்பர் 9 அன்று பள்ளிகள் மூடப்பட்டன. எல்லை தாண்டி வந்த மாசே காரணம் என்று அந்நாட்டு அதிகாரிகள் விளக்கினர். தென்தமிழகத்தை மட்டும் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் மாதிரிக்கு இத்தகைய நாட்கள் புலப்படா. வெளிப்பெட்டி கங்கைச் சமவெளிவரை விரிந்தும், உள்பெட்டி உப்பளத்தின் வரப்புவரை சுருங்கியும் இருக்கவேண்டும் என்ற இரு கட்டாயங்களுக்கிடையே கணினி நேரத்தைப் பங்கிடுவதே இத்தொழிலின் அன்றாடத் தீர்மானம். பங்கீடு நெருக்கும்போது உள்பெட்டியைக் காப்பதே சரியெனப் படுகிறது. வெளியிலிருந்து வரும் மாசை உலக மாதிரிகளிடமிருந்து கடன் வாங்கலாம், வரப்பை யாரிடமிருந்தும் வாங்க முடியாது.

ரன் தொடங்கும் நாளையும் நிலமே தீர்மானிக்கிறது. காற்றின் நினைவு ஓரிரு நாட்களில் அழிந்துவிடும் என்பதால் வானிலைக்கான ரன்களில் முதல் ஒரு நாளின் விடையைத் தள்ளிவிடுவது போதுமானது; மண்ணின் ஈரமோ வாரக்கணக்கில் நினைவு வைத்திருக்கும். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், சாகுபுரத்தை அடுத்த காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அதன்பின் வந்த வாரங்களில் வயலும் தேரியின் அடிவாரமும் உடைந்த குளங்களின் நீர் தேங்கிய அளங்களும் எந்தச் சராசரி ஆண்டையும் ஒத்திருக்கவில்லை. உலகத் தரவின் 31 கிலோமீட்டர் கட்டத்தில் அந்த மழை பரவலாகிக் கரைந்துவிடுவதால், அதிலிருந்து எடுத்த மண்ணீரத்தோடு தை மாதத்தில் ரன்னைத் தொடங்குவது இந்நிலத்துக்குப் பொருந்தாது. ஆகவே 2024 ஜனவரியின் விடியல்களை ஆராய முனைபவர், டிசம்பர் நடுவுக்கு வெகு முன்பிருந்தே நிலப்பகுதியைத் தனியே ஓட்டி, காயல்பட்டினம், திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம் மழைமானிகளின் அளவுகளை நேராக ஊட்டி, உப்பளக் கட்டங்களை அந்த ஒரு பருவத்துக்கு மட்டும் நன்னீர் என்று மாற்றி எழுதவேண்டியிருக்கும்.